நின்றுகொண்டே பேசியவர்: ஓர் உளவள ஆலோசனை நிகழ்வு ஆய்வு

முதல் அமர்வு முடியும் நேரம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "அஞ்சே முக்கால் ஆயிடுச்சா மேடம்?" என்று கேட்டார். கடிகாரத்தில் மூன்றே கால். நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் ஓடும் சவூதி நேரம் அது. ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகியும் அவர் அதை மாற்றவில்லை. அன்றைய குறிப்பில் இதை ஒரு வரியாக எழுதிவைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

இங்கே வருபவர் ஒரே மனிதர் அல்லர். வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த சிலரின் அனுபவங்களைச் சேர்த்து, ஊர், வயது, தொழில், குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருக்கிறேன். பல முறைகளைக் கலந்து செய்யும் ஆலோசனையில் எந்த முறையை எப்போது எடுப்பது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். நான் முடிவு செய்த இடத்தில் வேலை நின்றது. அவர் முடிவு செய்த இடங்களில் நகர்ந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வந்த விதம்

வயது 47. திருச்சிக்குக் கிழக்கே ஒரு டெல்டா கிராமம். 2006இல் சவூதிக்குப் போனவர். ஜுபைலில் சாரம் கட்டும் வேலையில் சேர்ந்து, கடைசி ஆறு வருடம் ஃபோர்மேன். 2023 ஜூலையில் ஃபைனல் எக்ஸிட், அதாவது வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக வெளியேறும் அனுமதி, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. அப்படி எட்டு முறை வந்திருக்கிறார். பதினேழு வருடத்தில் வீட்டில் இருந்தது மொத்தம் பதினாறு மாதம். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னது அவர் மனைவி. விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

நெஞ்சடைப்பு, படபடப்பு, தூக்கமின்மை என்று முதலில் போனது இதய மருத்துவரிடம். இ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. "ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த "ஒண்ணும் இல்ல" அவரை நன்றாகவே குத்தியிருந்தது. "அப்ப நான் நடிக்கிறேனா?" என்று என்னிடம் கேட்டார். அப்புறம் ஒரு நாள், தோட்டத்து மோட்டார் ரிப்பேருக்குத் தன்னைக் கேட்காமல் மனைவி பணம் கொடுத்ததற்காகச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. மனைவிதான் அழைத்துவந்தார்.

வந்து உட்கார்ந்ததும் சொன்னது: "நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம், கேட்டுக்கிறேன்."

நம்மிடம் வருகிற பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறார்கள். அதில் தப்பும் இல்லை. ஆலோசனை என்ற சொல்லே புத்தி சொல்வதைத்தான் நினைவூட்டுகிறது. இலங்கைத் தமிழர்கள் இதை உளவளத்துணை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் மேல் எப்போதும் ஒரு பொறாமை உண்டு. சொல்லிலேயே வேலை என்னவென்று இருக்கிறது, கூட இருப்பது. நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "சொல்றதுக்கு இருந்தா சொல்வேன். ஆனா உங்களைப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதே. முதல்ல நீங்க சொல்லுங்க."

வாரம் ஒரு முறை, ஐம்பது நிமிடம் என்று பேசிக்கொண்டோம். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும் வெளியே சொல்வேன் என்பதையும் தெளிவாக்கினேன். மறுநாளே மனைவி போன் செய்து "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் நான் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை அவருடைய உரிமையாகவே வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதில் என் பதில் அதுவேதான். மனைவி கேட்டார், நான் சொல்லவில்லை என்பதை அடுத்த வாரம் அவரிடமே சொன்னேன். முதன்முறையாக முகம் கொஞ்சம் இளகியது அப்போதுதான்.

பூச்சி மருந்து

பி.எச்.க்யூ.-9 என்ற கேள்வித்தாள் கடந்த இரண்டு வாரத்து மனச்சோர்வை 27க்கு அளக்கும். அவருக்கு 14, நடுத்தர நிலை. பதற்றத்துக்கான ஜி.ஏ.டி.-7இல் 21க்கு 11. எண்ணைவிட முக்கியம் ஒன்பதாவது கேள்வி. செத்துவிட்டால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்று அது கேட்கும். "சில நாட்கள்" என்பதில் டிக் செய்திருந்தார்.

இந்த இடத்தில் சுற்றி வளைக்கக் கூடாது. "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி ஆவதில்லை. கேட்ட பிறகு அவர் நீளமாக மூச்சு விட்டார். திட்டம் எதுவும் இல்லை, ஆனால் மோட்டார் ரூமில் பூச்சி மருந்து இருக்கிறது, ஒரு ராத்திரி அந்தப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பிவந்திருக்கிறார்.

கிராமத்து வீடுகளில் இதைக் கேட்டே ஆக வேண்டும். அன்று மாலையே அந்த டப்பாக்கள் மச்சான் வீட்டுக்குப் போயின. யாரிடம் சொல்வது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார், என் முன்னாலேயே போன் செய்தார். ராத்திரி அந்த நினைப்பு வந்தால் முதலில் எழுந்து மனைவியை எழுப்புவது, அப்புறம் மச்சானுக்குப் போன், யாரும் கிடைக்காவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது, நாள் முழுக்க உண்டு. இதைச் சின்ன அட்டையில் அவர் கையாலேயே எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினேன். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆலோசனை தொடரட்டும், மாதம் ஒருமுறை பார்க்கிறேன் என்றார் அவர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மற்றது.

என் தவறுகள் இரண்டு

நான் நிற்கும் தரை அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1957இல் எழுதிய கட்டுரையில், ஒருவரிடம் மாற்றம் நிகழத் தேவையானவை என்று ஆறு நிபந்தனைகளை அவர் சொன்னார். அவற்றில் ஆலோசகரைச் சேர்ந்த மூன்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள்: உண்மையாக இருப்பது, நிபந்தனை போடாமல் மதிப்பது, எதிரில் இருப்பவரின் இடத்திலிருந்து பார்ப்பது. மற்ற முறைகளையும் எடுத்துக்கொள்வேன், ஆனால் இந்தத் தரையைவிட்டு நகராமல்.

சொல்வது எளிது. இரண்டாவது அமர்வில் "வீட்ல நான் ஒரு விருந்தாளி மாதிரி இருக்கேன்" என்றார். "விருந்தாளி மாதிரி உணர்றீங்க" என்றேன். "ஆமா" என்றார். இப்படியே மூன்று நான்கு முறை போனதும் நிமிர்ந்து பார்த்து, "நான் சொன்னதையே திருப்பிச் சொல்றீங்களே மேடம்" என்றார். வாக்கியத்தைத் திருப்பிக் கொடுப்பது தமிழில் கேட்கும்போது பழிப்புக் காட்டுவது போல விழும். பயிற்சியில் கற்ற வடிவத்தை நான் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து வாக்கியத்தை விட்டுவிட்டு, அவர் சொன்னதில் கனமான ஒரே சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். சில சமயம் "ம்ம்" மட்டும். அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது தவறு பெரிது. மனச்சோர்வுக்குச் செயல் அட்டவணை நல்ல முறை. நாள் முழுக்கச் சும்மா படுத்திருப்பவரை, சின்னச் சின்ன வேலைகளால் எழுப்புவது. நான்காவது அமர்வில் கட்டம் போட்ட தாளை நானே எடுத்துக் கொடுத்தேன். காலை நடை, தோட்டம், மகளோடு பத்து நிமிடம் என்று நானே யோசனையும் சொன்னேன். மரியாதைக்காக வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் மடிப்புக் கலையாமல் வெறும் தாளாகவே திரும்பி வந்தது. "கம்பெனில பதினேழு வருஷம் டைம் ஷீட் எழுதினேன். இங்கயுமா மேடம்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் அவருடைய சிக்கல் முழுக்க இருந்தது. மாதா மாதம் பணம் வந்தால்தான் அவர் மனிதர். "நான் ஒரு ஏ.டி.எம். மெஷின் மேடம், இப்ப அதுல காசும் இல்ல" என்று முன்பே சொல்லியிருந்தார். பயனாக இருந்தால்தான் மதிப்பு என்று பதினேழு வருடம் அவர் தலைமேல் இருந்த நிபந்தனையை, நானும் ஒரு தாளில் கட்டம் போட்டு நீட்டியிருக்கிறேன். தாளை அவர் முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, யாரும் சொல்லாமலே, தோட்டத்து மோட்டார் ரூமின் கூரையைப் பிரித்து மாற்ற ஆரம்பித்தார். அப்பா கட்டிய கூரை அது.

கல் இல்லை, பூட்டு

"நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு" என்பது அவர் அடிக்கடி சொன்னது. நம் மொழியில் மனசு எப்போதும் உடம்பில்தான் இருக்கிறது. வயிறு பிசைகிறது, நெஞ்சு அடைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது. இதை வெறும் உவமையாக எடுத்துக்கொண்டு "அதாவது கவலையா இருக்கு" என்று மொழிபெயர்த்துவிடும் அவசரம் ஆலோசகர்களுக்கு உண்டு. சிகாகோவில் ரோஜர்ஸோடு வேலை செய்த யூஜின் ஜெண்ட்லின், உடம்பில் தோன்றும் அந்தத் தெளிவற்ற உணர்விலேயே நின்று, அதற்குச் சரியான சொல் வரும்வரை காத்திருக்கும் முறையை வகுத்தார். தமிழில் பேசுகிறவர்களுக்கு இது புதிதாகக் கற்பிக்க வேண்டிய ஒன்றே அல்ல என்பது என் எண்ணம்.

ஆறாவது அமர்வில், இப்போது அது இருக்கிறதா என்று கேட்டேன். நெஞ்சுக்குழிக்கு மேலே கை வைத்தார். கல்லா? கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். "கல்லு இல்ல. கல்லுன்னா கனக்கும். இது கனக்கல." மறுபடி மௌனம். "பூட்டு. பூட்டுப் போட்ட மாதிரி." அதைச் சொன்னதும் தோள்கள் இறங்கின. யார் பூட்டியது, எதை என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார்.

2020 நவம்பர். அந்த மார்ச்சிலேயே இந்தியா வெளிநாட்டு விமானப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தது, சிறப்பு விமானங்கள் மட்டும்தான். அப்பா காலையில் இறந்த தகவல் வந்தபோது, சாயந்தரத்துக்குள் ஊர் சேர வழியே இல்லை.

"அப்பாவ மூணு மணிக்கு எடுத்தாங்க. அங்க பன்னண்டரை. சாப்பாட்டு நேரம். சித்தப்பா பையன் வீடியோ கால்ல காமிச்சான். சாரத்துக்குக் கீழ நின்னு பாத்துட்டிருந்தேன். தூக்குறப்ப படம் அப்படியே நின்னுடுச்சு. தம்பியோட முதுகு மட்டும் தெரியுது. கொள்ளி நான் வச்சிருக்கணும், மூத்தவன். படம் நகரவே இல்ல. ஒரு மணிக்கு சைரன் அடிச்சுது. போன உள்ள வச்சிட்டு மேல ஏறிட்டேன்."

"ஏறிட்டீங்க" என்றேன்.

அவர் அழவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளை வட்டம். கொஞ்ச நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். அன்று மீதி இருந்த இருபது நிமிடமும் நாங்கள் ஏறக்குறைய பேசவே இல்லை.

முதல் அமர்விலேயே குடும்ப வரைபடத்தில் "தந்தை, இறப்பு 2020" என்று நான் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன்.

நாற்காலி

இழவு ஆய்வில் எனக்கு உதவியது மார்கரெட் ஸ்ட்ரோபெயும் ஹென்க் ஷுட்டும் 1999இல் முன்வைத்த பார்வை. துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் பிழைப்பின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்த ஊசலாட்டமே இயல்பு என்கிறார்கள். இவருக்கு ஊசல் ஒரு பக்கமே நின்றுவிட்டிருந்தது. சைரன் அடித்ததும் மேலே ஏறியவர், இறங்கவே இல்லை. ஊருக்கு வந்து வேலையும் இல்லாமல் போனதும் மூடி வைத்திருந்ததெல்லாம் நெஞ்சடைப்பாகவும் கோபமாகவும் வந்துவிட்டது. அவரைப் பற்றிய என் புரிதல் இதுதான் என்று அவரிடமே சொல்லி, சரிதானா என்று கேட்டேன். "பாதி சரி" என்றார். மீதிப் பாதி அவமானம் என்றார். ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கொள்ளி வைக்க வராத மூத்த மகன் என்று எல்லோர் கண்ணிலும் தெரிகிறதாம்.

வெற்று நாற்காலி முறையைப் பரவலாக்கியவர் உளச் சிகிச்சையாளர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ். எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, பேச முடியாமல் போனவர் அங்கே இருப்பதாக வைத்துப் பேசுவது. இப்படி ஒன்று உண்டு, வேண்டுமென்றால் செய்யலாம், வேண்டாமென்றால் வேண்டாம் என்று எட்டாவது அமர்வில் சொன்னேன். டைம் ஷீட்டுக்குப் பிறகு நான் எதையும் நீட்டுவதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்ததும், "அந்த நாற்காலிய வச்சுக்கலாம் மேடம்" என்றார்.

நாற்காலியைப் போட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "அப்பா முன்னாடி உக்காந்து பேசினதில்ல." எந்தப் பாடத்திலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. அவர் நிற்க நான் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை, நானும் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியின் காலைப் பார்த்தபடி பேசினார். "வர முடியலப்பா." ரொம்ப நேரம் கழித்து, "வந்திருக்கலாம்னு நீங்க நெனச்சீங்களா?"

முறைப்படி இப்போது அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவாகப் பதில் சொல்ல வேண்டும். மாற்றம் அங்கேதான் நிகழும் என்று சொல்வார்கள். கேட்டேன். "அது அப்பா எடம் மேடம்" என்றார். விட்டுவிட்டேன். அவராகவே நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு, வேறு குரலில் சொன்னார்: "மோட்டார் ரூம் ஒழுகுதுடா." அப்போதுதான் அழுதார். நின்றபடியே, சத்தமாக.

மனைவியும் வந்த நாள்

இருவரும் சம்மதித்து பதினோராவது அமர்வுக்குச் சேர்ந்து வந்தார்கள். "பதினேழு வருஷம் மோட்டார் ரிப்பேர் ஆச்சுன்னா நான் யாரக் கேட்டேன்? மாமாவுக்கு முடியாம போனப்ப யாரக் கேட்டேன்?" என்று மனைவி ஆரம்பித்தார். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது மனைவி சொன்னார். கடைசி ராத்திரி மாமனார், "பெரியவனுக்குச் சொல்லாத, வேல கெட்டுடும்" என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் முன்கூட்டியே போன் செய்யவில்லை.

அவருக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, அப்பாமேல். "அவரும் வேலையத்தான் பாத்தாரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து, கீழே டீக்கடையிலிருந்து மூன்று டீ வாங்கிக்கொண்டு திரும்பிவந்தார். அந்தக் கோபத்தை நான் ஆற்ற முயலவில்லை. நாற்காலி முன் கை கட்டி நின்றவர் அப்பாமேல் கோபப்படவும் முடிகிற இடத்துக்கு வந்திருந்தார். தட்டில் விழுந்துகொண்டிருந்த கோபத்துக்கு உரிய முகவரி கிடைத்திருந்தது.

ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்கப் போவதாக அடுத்த அமர்வில் சொன்னார். போகச் சொல்லி நான் சொன்னதில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்க மாட்டேன். மகளும் கூட வந்தாளாம். பேசினாளா என்று கேட்டேன். "கூட்டத்துல செருப்பப் பாத்துக்கிட்டா" என்றார்.

நிலவரம்

ஆறு மாதத்தில் பதினான்கு அமர்வுகள். கடைசியில் பி.எச்.க்யூ.-9 மதிப்பெண் 6, ஜி.ஏ.டி.-7 மதிப்பெண் 5, ஒன்பதாவது கேள்விக்கு "இல்லவே இல்லை". நெஞ்சடைப்பு எப்போதாவது வருகிறது, வந்தால் உட்கார்ந்து அது என்ன என்று பார்க்கிறாராம். சனிக்கிழமைகளில் அவர் குடிப்பது நிற்கவில்லை. குறைந்திருக்கிறது என்று அவர் சொல்கிறார், மனைவி சொல்லவில்லை. தம்பியோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. இவை எல்லாம் ஆலோசனையால் மட்டும் வந்தவை என்று என்னால் சொல்ல முடியாது. கூரை வேலையும் காவிரியும் அதில் இருக்கின்றன, மச்சானும் இருக்கிறார்.

பூச்சி மருந்து டப்பாக்கள் இன்னும் மச்சான் வீட்டில்தான். திரும்ப வாங்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

தொடர் சந்திப்புக்கான நாளை அவரே குறித்தார், நவம்பரில், அப்பாவின் திதி முடிந்த வாரம். வழக்கம் போல அஞ்சு மணிக்கு வந்துடுங்க என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். "இதுல ரெண்டரை" என்றார்.